மீருவும் நானும் வருவதாக இல்லை

அன்பு மகள் நாஷிதாவுக்கு மம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் மீருவும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளை ஷிஹாமும் பேரன் லயானும் சுகமாக இருக்க ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். மீருவும் என்று எழுதியிருக்கிறேனே, கவனித்தாயா? கவனிக்காமல் தாண்டியிருந்தால் திரும்பிப் போய் இன்னொரு தடவை படித்துவிட்டு வா. பூனை வந்துவிட்டது. ஆகவே நீ எடுத்து வைத்திருக்கிற ஃபெர்ரி டிக்கெட்டில் வேறு யாராவது ஏறிக்கொள்ளட்டும், நான் ஏறுவதாக இல்லை. இதை ஃபோனில் சொன்னால் போதாதா, கடிதம் எதற்கு என்று கேட்பாய். ஃபோனில் நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் நீ ஒன்பது பேசுகிறாய், நடுவில் மாப்பிள்ளை எங்கிருந்தோ, "லிஃப்ட் இருக்குன்னு அத்தைகிட்ட சொல்லு, முட்டி வலிக்காதுன்னு சொல்லு" என்று குரல் கொடுக்கிறார். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. கோபப்பட வேண்டுமானால்கூட முழுவதையும் படித்து முடித்துவிட்டுத்தான் நீ கோபப்பட வேண்டும், அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நோன்புக்கு முன்னால் நீ என்னை ஹுல்ஹுமாலேயில் உன் வீட்டுக்கு வந்துவிடச் சொல்லி நச்சரித்தபோது, மீரு இந்த வீட்டில் இருக்கிறவரை நான் எங்கேயும் வரமாட்டேன் என்று சொன்னேன், இல்லையென்று சொல்லவில்லை. அதற்கு நீ, பூனையெல்லாம் ஒரு சாக்கு மம்மா என்றாய். மகளே, அந்தப் பூனையை ஒரு விடுமுறையில் படகுத்துறையிலிருந்து சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தவன் உன் மகன். ஃபிளாட்டில் பூனை வளர்க்க விடமாட்டார்கள் என்று அதை என் மடியில் போட்டுவிட்டுப் படகு ஏறினவள் நீ. உங்களுக்கு இடமில்லாதபோது அது பூனை, எனக்கு இடமிருக்கும்போது அது சாக்கா? சரி, போகட்டும். நோன்பு பிறந்த இரண்டாம் நாள் மீருவைக் காணவில்லை. அவள் முன்பும் போயிருக்கிறாள், மழைக்கு முன்னால் போய் மழைக்குப் பின்னால் வருவாள், எந்த வீட்டில் மீன் வெட்டுகிறார்களோ அங்கே ஒரு பொழுது இருந்துவிட்டு வருவாள். இந்த முறை அப்படியில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டுத்தான் உன்னிடம் சொன்னேன். நீ என்ன சொன்னாய் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "ஐயோ பாவமே மம்மா" என்றாய், அடுத்த மூச்சிலேயே "அப்ப இனிமே தடை ஒன்னும் இல்லியே" என்றாய். பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக் கொட்டையைத் துப்புகிற நேரம்கூட நீ அவளுக்காகத் துக்கப்படவில்லை. ஆனாலும் வாக்குக் கொடுத்தவள் நான்தானே. மீரு இருக்கிறவரை என்று சொன்னேன், மீரு இல்லை, ஆகவே பெருநாள் கழிந்ததும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். உன் வாப்பாவின் பழைய பெட்டியை இறக்கித் துடைத்து, துணிமணிகளை அடுக்கி, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். மூடவில்லை, மூட மனம் வரவில்லை.

பக்கத்து வீட்டுச் சக்கீனா மேல்தான் எனக்கு முதல் சந்தேகம். அவளும் மாசிக்கருவாடு போடுகிறாள், நானும் போடுகிறேன், அவள் தட்டியும் என் தட்டியும் அடுத்தடுத்துக் காய்கிறது, மீருவுக்கு என் மாசி அலுத்துப்போனால் அவள் மாசி. நோன்புக்கு முன்னால் ஒருநாள், "பட்டப்பகல்ல என் கண்ணு முன்னாடியே வால்துண்டைத் தூக்கிட்டுப் போகுது மோமினாக்கா, கொஞ்சமாவது கூச்சம் இருக்கா பாருங்க" என்று வந்து நின்றாள். கண் முன்னால் எடுத்தால் அது திருட்டு இல்லை, உன்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறது என்று நான் சொன்னேன். அந்த வாரமே அவள் கவுன்சிலில் போய் முறையிட்டாள். கவுன்சில் தலைவர் நஸீமை உனக்குத் தெரியும், உன்னோடு படித்தவன், அப்போதே வகுப்பில் பேர் எழுதிக் கொடுக்கிற பையன். மாசித் தட்டிக்கு வருகிற பூனைகள் எல்லாம் பிடிக்கப்பட்டு ஆளில்லாத் தீவில் கொண்டுபோய் விடப்படும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தான். மறுவாரம் மீருவைக் காணோம் என்றால் நான் என்ன நினைப்பேன்? பலாமரத்தடியில் வைத்துச் சக்கீனாவைக் கேட்டேவிட்டேன். அவள் குர்ஆன் மேல் ஆணை என்றாள். நான் நம்பவில்லை. அன்று மாலை நோன்பு திறக்க அவள் வழக்கம்போல் ஒரு தட்டு பலகாரம் கொடுத்தனுப்பினாள், நான் பலகாரத்தை எடுத்து வைத்துவிட்டுத் தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்பினேன். ஆமாம், வெறும் தட்டுதான். இந்தத் தீவில் யாரும் யாருக்கும் செய்யாத காரியம் என்று எனக்குத் தெரிந்தேதான் செய்தேன். ஊர் முழுக்க அதைத்தான் பேசினார்கள், பேசட்டும் என்று விட்டேன்.

பிறகு உன் மூசா சித்தப்பாவைப் பிடித்தேன். நோன்போடு நோன்பாக என்னை அவர் தோணியில் ஆளில்லாத் தீவுக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். கொஞ்சம் மென்று விழுங்கினார், வெயில் என்றார், நீரோட்டம் சரியில்லை என்றார். நீங்கள் வராவிட்டால் நானே நீந்திப் போகிறேன் என்று உடுப்பைத் தூக்கி இடுப்பில் செருகினேன், உடனே எஞ்சினைப் போட்டுவிட்டார். சக்கீனாவின் புருஷன் தாவூதும் கூட வந்தான், பெண்டாட்டி மேல் விழுந்த பழியைத் துடைக்க வருகிறானாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்தத் தாழம்புதரும் நண்டுவளையுமாகக் கிடக்கிற தீவை நாங்கள் மூன்று பேரும் சுற்றிச் சுற்றி வந்தோம். உண்மையிலேயே அங்கே பூனைகள் இருக்கின்றன நாஷிதா, யார் யாரோ கொண்டுவந்து விட்டவை, எலும்பும் தோலுமாக, கூப்பிட்டால் ஓடிவருகின்றன, பக்கத்தில் வந்ததும் நான் அவற்றின் ஆள் இல்லை என்று தெரிந்து நின்றுவிடுகின்றன. அதை என்னால் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு புதரிலும் குனிந்து மீரு மீரு என்று கூப்பிட்டேன். என்னைவிட உரக்கக் கூப்பிட்டவர் உன் சித்தப்பா. தாவூது ஒரு மரத்தில் ஏறிக்கூடப் பார்த்தான். திரும்பி வரும்போது நான் அழுதேன், மூசா சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அழாதீங்க அண்ணி, அது எங்கயோ நல்லபடியாதான் இருக்கும்" என்றார். அந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வேண்டும்.

இடையில் வீட்டுச் செய்தியும் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோவேன். ஈரப்பலா இந்த வருஷம் கொம்பு தாங்காமல் காய்த்திருக்கிறது, வறுத்து ஒரு டப்பா வைத்திருக்கிறேன். சமையலறைத் தகரத்தைக் காற்று மறுபடியும் தூக்கிவிட்டது, மூசா சித்தப்பா ஆணி அடித்துக் கொடுத்தார், அது அப்போது, இப்போது கூப்பிட்டால் வரப் பயப்படுகிறார். முட்டி வலி இருக்கிறது. இல்லையென்று பொய் சொல்லமாட்டேன், ஆனால் அது மணலில் நடக்கும்போது இல்லை, சிமெண்டுத் தரையில் நிற்கும்போதுதான் வலிக்கிறது, உன் வீட்டில் இருப்பது எல்லாம் சிமெண்டுத் தரை. லயானுக்கு முடி வெட்டுங்கள், ஃபோனில் பார்க்கும்போது கண்ணையே காணோம்.

இப்போது பெருநாளுக்கு வருகிறேன். இந்த வருஷம் ஓலையில் பெரிய மீன் முடைகிற முறை நம் மேற்குப் பக்கத்து ஆண்களுக்கு. எங்கே முடைகிறார்கள், எத்தனை முழம், தலை எப்படி, வால் எப்படி என்று பெருநாள் மதியம்வரை ஒரு பெண்பிள்ளை காதுக்குப் போகக் கூடாது, போனால் மேற்குப் பக்கத்துக்கே மானக்கேடு, உனக்குத் தெரியாததா. நோன்பு முழுக்க அஸர் தொழுகை முடிந்ததும் ஆண்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போவார்கள், நாங்களும் எங்கே என்று கேட்பதில்லை. பெருநாளன்று மதியம் பெண்கள் எல்லோரும் புதுத்துணி உடுத்திக் கயிற்றை எடுத்துக்கொண்டு கடற்கரையில் நின்றோம். எனக்குப் போகவே மனமில்லை, கடைசிப் பெருநாள் இங்கே, ஒரு தடவை கயிற்றைத் தொட்டுவிட்டு வருவோம் என்று போனேன். சக்கீனா நாலு பேர் தள்ளி நின்றாள், என்னைப் பார்க்கவில்லை. மேளம் கொட்டிக்கொண்டு, பழைய தோணிக்கொட்டகையிலிருந்து மீனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உள்ளதைச் சொல்கிறேன், அழகான மீன். ஒரு தோணி நீளம், பச்சை ஓலையில் செதில் செதிலாக முடைந்து, இரண்டு இளநீர்க்காய் கண்ணுக்கு. வழக்கம்போல் பேய் வேஷம் போட்டவர்கள் உடம்பெல்லாம் சாம்பலும் இலையுமாகச் சுற்றி நின்று அலறிக்கொண்டு வந்தார்கள். மீனைத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டு, பிறகு நாங்கள் கயிறு போட்டு இழுத்துக் கரையேற்ற வேண்டும், பேய்கள் எங்களைத் தடுக்க வேண்டும், கரைக்கு வந்துவிட்டால் மீன் எங்களுடையது, அதுதானே விளையாட்டு.

தண்ணீருக்குப் பத்தடி இருக்கும். ஆண்களின் காலுக்கு நடுவில் ஏதோ ஒன்று குறுக்கும் நெடுக்குமாக ஓடிற்று. கத்திக்கொண்டு ஓடிற்று. மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது, எனக்குக் கேட்டது. மீரு. இளைத்துப்போய், வயிறு தொங்கி, ஆனால் மீரு. நான் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடினேன், என் முட்டியைப் பற்றிக் கவலைப்படுகிற மாப்பிள்ளை அதைப் பார்த்திருக்க வேண்டும். பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, தாவி அந்த ஓலைமீனின் வாய்க்குள் போய்விட்டாள். ஒரு கணம் எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. இத்தனை நாள் உனக்காக அழுதேனே, என்னைத் தெரியவில்லையா என்று. அப்புறம்தான் மீனின் வயிற்றுக்குள்ளிருந்து சின்னச் சின்னதாக வேறு குரல்கள் கேட்டன. கேட்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மீனுக்கு முன்னால், தண்ணீருக்கும் அதற்கும் நடுவில், ஈர மணலில் புதுத்துணியோடு அப்படியே உட்கார்ந்தேன்.

மேளம் நின்றது. ஒரு பேய் என் முன்னால் வந்து கையை விரித்துக்கொண்டு அலறியது. "மூசா, மூஞ்சியைத் துடைச்சுட்டு ஒழுங்கா பேசுங்க" என்றேன். பேய் கையைக் கீழே போட்டுவிட்டு, "அண்ணி, பெருநாளும் அதுவுமா, எந்திரிங்க அண்ணி" என்றது. நான் எழுந்திருக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். இன்னொரு பேய், அது தாவூது, சாம்பலைச் சொறிந்துகொண்டே எல்லாவற்றையும் ஒப்பித்தான். நோன்பு தொடக்கத்தில் கம்பு கட்டிக் கூடு போட்டு, வயிற்றில் உலர்ந்த ஓலையை அடைத்து வைத்திருக்கிறார்கள், மறுநாள் போய்ப் பார்த்தால் மீரு அதற்குள் படுத்திருக்கிறாள், கொஞ்ச நாளில் நான்கு குட்டி. அத்தனை ஆண்களும் தினம் அவளுக்கு மீன் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள், அவளைச் சுற்றி உட்கார்ந்து, அவளை எழுப்பாமல் மெதுவாக ஓலை முடைந்திருக்கிறார்கள். அன்று காலையில் குட்டிகளை எடுத்து ஒரு பெட்டியில் வைத்துவிட்டுத்தான் மீனைத் தூக்கினார்களாம், அவள் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வந்து மறுபடியும் உள்ளே வைத்திருக்கிறாள், அவர்களுக்குத் தெரியவில்லை. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "எப்படிக்கா சொல்றது, பூனை எங்க இருக்குன்னு சொன்னா மீன் எங்க இருக்குன்னு தெரிஞ்சிருமே" என்றான். நாஷிதா, நன்றாகக் கேட்டுக்கொள். ஓலைமீன் இருக்கிற இடம் எனக்குத் தெரியக் கூடாது என்பதற்காக, நோன்பு வைத்த வாயோடு என்னை ஆளில்லாத் தீவுக்குக் கூட்டிப்போய், நான் அழ அழ, கூடவே மீரு மீரு என்று கத்தியிருக்கிறார்கள். மரத்தில் வேறு ஏறியிருக்கிறான். கேட்டால் பரம்பரை வழக்கமாம். எனக்கு அங்கேயே சிரிப்பும் வந்தது, உன் சித்தப்பாவைக் கடலில் அமுக்க வேண்டும் போலவும் வந்தது.

அப்போதுதான் நஸீம் வந்தான். தலைவர் என்ற முறையில் பேசுகிறேன் என்று ஆரம்பித்தான். குட்டிகளை எடுத்துவிட்டு விளையாட்டை நடத்த வேண்டும், பூனையையும் குட்டிகளையும் நாளையே ஆளில்லாத் தீவுக்கு அனுப்ப வேண்டும், அறிவித்தது அறிவித்ததுதான் என்றான். நான் அந்தத் தீவைப் பார்த்துவிட்டு வந்தவள் என்றேன். அந்தப் பூனைகள் ஓடிவந்து நின்ற நிற்பை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன், அனுப்புவதானால் என்னையும் சேர்த்து ஏற்று என்றேன். "சட்டம்னு ஒன்னு இருக்குல்ல மோமினாம்மா" என்றான். இருக்கட்டும், அதுவும் என்னோடு இந்த மணலில் உட்காரட்டும் என்றேன். கை பிடித்துத் தூக்கச் சொல்லி இரண்டு பேரைக் கண்ணால் காட்டினான். யாரும் நகரவில்லை, ஆனால் யாரும் என் பக்கமும் வரவில்லை. அந்த நேரத்தில் என் பக்கத்தில் மணல் அமுங்கிற்று. பார்த்தால் சக்கீனா. "இவங்க மேல எனக்கு ஆத்திரம் இருக்கு, அதை நான் தனியா பார்த்துக்கறேன். மீன் இப்ப கரையிலதான் இருக்கு, கரையில இருக்கற மீன் பொம்பளைங்களோடது. முதல்ல என் வீட்டுக்காரன் எனக்குப் பதில் சொல்லட்டும், என்னைப் பூனைத் திருடின்னு ஊரே பேசினப்ப வாயை மூடிட்டு ஓலை முடைஞ்சானே" என்று காலை நீட்டிக்கொண்டாள். அதன்பின் ஒவ்வொருத்தியாக வந்து உட்கார்ந்தார்கள். கடைசியாகக் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தது யார் தெரியுமா, நஸீமுடைய தாயார். உட்கார்ந்து, "இங்க வாடா தம்பி, இந்தச் சட்டத்தை எனக்கு ஒருக்கா படிச்சுக் காட்டு" என்றார். அவன் தொப்பியைச் சரி செய்துகொண்டு மேளக்காரர்களைப் பார்த்து வாசிக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். அந்த அறிவிப்பை இன்றுவரை யாரும் மறுபடி ஒலிபெருக்கியில் கேட்கவில்லை.

இந்த வருஷம் பெரிய மீன் தண்ணீரில் இறங்கவில்லை. பேய்களே அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து நம் முற்றத்தில் வைத்துவிட்டுப் போனார்கள், ஓலை பழுத்துப்போய் இன்னும் கிடக்கிறது. சக்கீனாவுக்குத் தட்டு நிறையப் பலகாரம் கொண்டுபோய் நானே கொடுத்தேன், மன்னிப்பு என்று வாயால் கேட்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை, தட்டை நிறைத்துத் திருப்பிக் கொடுத்தாள், அதில் ஒரு மாசி வால்துண்டும் இருந்தது, யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை. மறுநாள் விடிந்து பார்த்தால் மீனுக்குள் குட்டிகளைக் காணோம். பதறிப்போய் உள்ளே வந்தேன். நான்கும் உன் வாப்பாவின் பெட்டிக்குள் இருந்தன, உன் வீட்டுக்கு வர நான் அடுக்கி வைத்த துணிகளின் மேல். மீரு பக்கத்தில் படுத்துக்கொண்டு, என்ன பார்க்கிறாய் என்பது போல என்னைப் பார்த்தாள். அந்தத் துணிகளை இனி நான் எடுத்து உடுத்த முடியாது, பெட்டியையும் மூட முடியாது. வேண்டுமானால் வந்து நீ மூடிப் பார்.

ஆகவே விஷயம் இதுதான். நான் தனியாக இருக்கிறேன் என்று நீ சொல்கிறாய். ஒரு ஓலைமீனுக்கு முன்னால் நான் உட்கார்ந்தபோது எத்தனை பேர் கூட உட்கார்ந்தார்கள் என்று சொன்னேன். ஹுல்ஹுமாலேயில் ஏழாம் மாடியில் நான் உட்கார்ந்தால் பக்கத்தில் உட்கார யார் வருவார்கள்? நீ வேலைக்குப் போவாய், மாப்பிள்ளை வேலைக்குப் போவார், லயான் பள்ளிக்கூடம் போவான், லிஃப்ட் மட்டும் மேலும் கீழும் போய்வரும். உன் பாசம் எனக்குப் புரியாமல் இல்லை. ராத்திரி எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று நீ தூக்கம் கெட்டுக் கிடப்பதும் தெரியும். அதற்காக இப்போதே கஃபன் துணியை மடியில் வைத்துக்கொண்டு உன் வீட்டு ஜன்னலோரம் நான் காத்திருக்க முடியாது. சாகிறபோது சாகலாம், அதுவரை என் மாசி காய வேண்டும். அடுத்த பெருநாளுக்குப் பெரிய மீன் கிழக்குப் பக்கத்தார் முறை, இழுக்கக் கயிற்றுக்கு ஆள் வேண்டும், நீ வந்து இழு.

மூசா சித்தப்பாவின் மகன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே மீனைச் சுண்டக் காய்ச்சின ரிஹாகுரு ஒரு போத்தல், மாசி, ஈரப்பலா வறுவல். ரிஹாகுருவைக் கண்ணாடிப் போத்தலிலேயே வை, பிளாஸ்டிக்கில் மாற்றாதே. லயானிடம் நான்கு குட்டிக்கும் பேர் யோசிக்கச் சொல், ஒன்று கறுப்பு, இரண்டு சாம்பல், ஒன்று அவனைப் போலவே யார் சொல்லும் கேட்பதில்லை. மாப்பிள்ளைக்கு என் ஸலாம். தொழுகையை விடாதே, இரவில் வேலை முடிந்து வரும்போது தனியாக நடக்காதே, கோபம் தீர்ந்ததும் ஃபோன் பண்ணு. அல்லாஹ் உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளும் நிறைந்த வயிறும் கொடுப்பானாக.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. மீரு காணாமல் போன நாள் தொட்டு ஒரு ராத்திரிகூட நான் பின்கதவைத் தாழிடவில்லை. சக்கீனா இன்றைக்கும் கேட்டாள், அதான் பூனை வந்துருச்சே, இன்னும் எதுக்குக்கா தாழ் போடாம படுக்கறீங்க என்று. பூனை போக வர இருக்கட்டும் என்று அவளிடம் சொல்லிவைத்தேன். உண்மையில் நீ முதன்முதலாகப் படகேறிக் குடிபோன நாளிலிருந்தே அது தாழிடப்படவில்லை, பூனை வந்தது அதற்குப் பிறகுதான்.

இப்படிக்கு, உன் சொல்லுக்கு மட்டும் அடங்காத
மம்மா மோமினா